ஓர் இடைச்சொல்லும் ஒரு சிறைவாசமும்

ஆங்கில இலக்கணத்தை நம்மில் பலர் ரென் அண்ட் மார்ட்டின் வழியாகத்தான் படித்தோம், அல்லது படித்ததாகப் பேர் பண்ணினோம். அந்த மாதிரிப் புத்தகங்களில் ‘தட்’ என்கிற சொல் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. ‘தட் இஸ் மை ஹவுஸ்’ என்றால் பிரதிப்பெயர். ‘தட் ஹவுஸ்’ என்றால் பெயரடை. ‘தி ஹவுஸ் தட் ஷி பில்ட்’ என்றால் அது வேறொரு வகைப் பிரதிப்பெயர். ‘ஐ நோ தட் ஷி கேம்’ என்றால் இணைப்புச்சொல். ‘இட் இஸ் நாட் தட் ஹாட்’ என்றால் வினையடை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் புதிதாக அறிமுகமாகிற ஆள் மாதிரி வந்து நிற்கும். இது ஒரே ஆளா, ஐந்து ஆட்களா என்று கேட்டால், ‘வாக்கியத்துல எங்க உட்கார்ந்திருக்குன்னு பாரு, போதும்’ என்பதுதான் வகுப்பறையின் பதில்.

இந்தக் கேள்வி இலக்கண வாத்தியார்களுடைய பொழுதுபோக்கு என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். 1778இல் லண்டன் சிறை ஒன்றிலிருந்து ஒருவர் இதே கேள்வியை அரசியல் கேள்வியாக எழுதி அச்சிட்டார் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஜான் ஹார்ன் டூக் என்ற அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அவர் எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் கோட்டை விட்டார் என்று பிடிபட வேண்டுமானால், அந்தச் சொல் நடந்து வந்த பாதையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நார்மானியர்கள் 1066இல் வந்து இறங்குவதற்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘தி’ என்று தனியாக ஒரு சொல் கிடையாது. சுட்டுச்சொல் ஒன்றுதான் இருந்தது. ஆண்பாலுக்கு ‘ஸே’, பெண்பாலுக்கு ‘ஸேயோ’, அலிப்பாலுக்கு ‘தைட்’. (இலக்கணத்தில் சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட பால் இது, மனிதருடையது அல்ல. அன்றைய ஆங்கிலத்தில் ‘வீஃப்’, அதாவது பெண் என்ற சொல்லே அலிப்பால்தான்!) இந்தச் சுட்டு நம் பெயர்ச்சொல் போலவே வேற்றுமை ஏற்றது. வேற்றுமை ஏற்ற வடிவங்களில் பெரும்பாலானவை ‘த’ ஒலியில் தொடங்கின. அந்தப் பெரும்பான்மை மெல்ல ‘ஸே’யையும் இழுத்துக்கொண்டு ‘தே’ ஆக்கியது. 1154இல் முடிகிற பீட்டர்பரோ நாளேட்டின் கடைசிப் பகுதியில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய ‘தி’ அந்த வழியில் வந்தது. இன்றைய ‘தட்’ அலிப்பால் வடிவம். பால் வேறுபாடு மறைந்துபோன பின் எல்லாவற்றையும் சுட்டுகிற பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஆக, ஆர்ட்டிகிள் என்று தனித் தலைப்புப் போட்டுப் படிக்கிற ‘தி’யும், சுட்டு என்று படிக்கிற ‘தட்’டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள்.

இதோடு நிற்கவில்லை. ‘தி சூனர் தி பெட்டர்’ என்று சொல்கிறார்களே, அதில் வரும் ‘தி’ ஆர்ட்டிகிள் அல்ல. அந்தச் சுட்டின் கருவி வேற்றுமை வடிவம்; ‘அதனால்’, ‘அவ்வளவுக்கு’ என்று பொருள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று தமிழில் நாம் வினாவையும் சுட்டையும் வைத்துச் செய்கிற வேலையை அங்கே உருபு ஏற்ற சுட்டு செய்தது. உருபு அழிந்தது, சொல் மட்டும் மிஞ்சியது. ‘தென்’, ‘தேர்’, ‘தஸ்’ என்பனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஒப்பிடுவதற்கு வரும் ‘தேன்’ என்ற சொல் ‘தென்’ என்பதிலிருந்து எழுத்தால் மட்டும் பிரிக்கப்பட்டது. நெடுநாள் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டன. இன்னும் வேடிக்கை: ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’ ஆங்கிலமே அல்ல. வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியின் சுட்டுச்சொல் அது. படையெடுத்து வந்தவனின் ‘அந்த ஆட்கள்’ என்ற சொல், தோற்றவன் வாயில் ‘அவர்கள்’ ஆகிவிட்டது.

சுட்டுவது என்பது விரல் நீட்டுவது. விரல் வெளியே இருக்கும் பொருளைக் காட்டலாம். சற்றுமுன் பேசியதையும், அடுத்து வரப்போகும் பேச்சையும் காட்டலாம். ‘எனக்கு அது தெரியும்: அவள் வந்தாள்’ என்று இரண்டு வாக்கியமாகச் சொல்கிற நிலையிலிருந்து ‘அவள் வந்தாள் என்பது தெரியும்’ என்கிற ஒற்றை வாக்கியத்துக்கு ‘தட்’ நகர்ந்தது என்பது பழைய விளக்கம். இன்றைய மொழியியலாளர்கள் இந்த நகர்வு இவ்வளவு நேர்கோட்டில் நடந்திருக்குமா என்று சண்டை போடுகிறார்கள். சொல் அதே சொல்தான் என்பதில் சண்டையில்லை. ஜெர்மன் மொழியில் இதற்குக் கண்கூடான சாட்சி உண்டு. ‘தாஸ்’ என்ற சுட்டும் ‘தாஸ்’ என்ற இணைப்புச்சொல்லும் ஒலியில் ஒன்று. பார்ப்பதற்கு வேறாக இருக்கட்டும் என்று எழுத்தில்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ எழுத்தில் ஒன்று, காதுக்கு இரண்டு. சுட்டை அழுத்திச் சொல்வார்கள், இணைப்பை விழுங்கிவிடுவார்கள்.

இனி ஹார்ன் டூக். 1736இல் வெஸ்ட்மின்ஸ்டரில் கோழி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அப்போது வெறும் ஜான் ஹார்ன். டூக் என்பது பின்னால் நண்பரின் பெயரிலிருந்து சேர்ந்துகொண்டது. ஈட்டன், கேம்பிரிட்ஜ் எல்லாம் போய்ப் பாதிரியாராகி, அந்த உத்தியோகம் பிடிக்காமல் அரசியலில் குதித்தவர். 1775 ஏப்ரல் 19இல் மாசசூசெட்ஸில் லெக்சிங்டன், கான்கார்ட் என்ற ஊர்களில் பிரிட்டிஷ் துருப்புகள் குடியேற்றவாசிகளைச் சுட்டன. ஜூன் மாதத்தில் லண்டனில் கூடிய அரசியலமைப்புச் சங்கம் அங்கே செத்தவர்களின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நூறு பவுண்டு திரட்டி, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மூலமாக அனுப்பத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் ஹார்ன் கையெழுத்துடன் பத்திரிகைகளில் விளம்பரமாக வந்தது. செத்தவர்களை மன்னரின் துருப்புகள் ‘கொலை’ செய்தன என்று அதில் இருந்தது. அரசுக்கெதிரான அவதூறு என்று வழக்கு. 1777 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கப் பிரகடனத்துக்குச் சரியாக ஒரு வயதான அன்று, மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் முன் விசாரணை. வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். தோற்றார். ஓராண்டுச் சிறை, 200 பவுண்டு அபராதம்.

மேல்முறையீடு பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே எழுந்த பிரச்னைதான் நமக்கு முக்கியம். குற்றப்பத்திரிகையில் விளம்பரத்தின் வாசகம் இருந்தது. அது மன்னரின் அரசாங்கத்தையும் அவருடைய துருப்புகள் பயன்படுத்தப்பட்டதையும் ‘பற்றியது’ என்று ஒரு சொல்லில் சொல்லியிருந்தார்கள். துருப்புகள் எங்கே, எதற்காகப் பயன்படுத்தப்பட்டன என்கிற செய்தி நேரடியான வாக்கியமாக எங்குமே சொல்லப்படவில்லை. ஒருவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், எந்தச் செய்தியின் மேல் குற்றம் நிற்கிறதோ அந்தச் செய்தியைச் சொல்லியாக வேண்டாமா என்பது ஹார்னின் வாதம். ‘பற்றி’ போதும் என்றார்கள் நீதிபதிகள். 1778இல் தண்டனை உறுதியானது. தான் இரண்டு முன்னிடைச்சொற்களுக்கும் ஓர் இணைப்புச்சொல்லுக்கும் பலியானவன் என்று அவர் பின்னால் எழுதினார். முன்னிடைச்சொற்கள் ‘ஆஃப்’, ‘கன்சர்னிங்’. இணைப்புச்சொல் ‘தட்’.

‘தட்’ எப்படி வந்தது? அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்ட பழைய தீர்ப்புகளில் லாலி வழக்கு ஒன்று. குரூக் என்பவர்மேல் போலிப் பத்திர வழக்கு இருந்தது. சாட்சியை வரவிடாமல் தடுக்கப் பார்த்தாள் என்று லாலி என்ற பெண்மேல் குற்றம். அவள்மேல் போட்ட குற்றப்பத்திரிகையில், ‘குரூக் மீது வழக்குத் தொடரப்பட்டிருந்தது’ என்று தனியாகச் சொல்லவில்லை. ‘வழக்குத் தொடரப்பட்டிருந்தது என அறிந்து அவள் இன்னது செய்தாள்’ என்று மட்டும் இருந்தது. இது நேரடிக் கூற்று இல்லையே என்று ஆட்சேபித்தார்கள். நீதிமன்றம் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டது. ஆக, நேரடிக் கூற்று இல்லாமலே ஆளைத் தண்டிக்கலாம் என்பதற்கு முன்னுதாரணம் கிடைத்துவிட்டது.

சிறையிலிருந்து வழக்கறிஞர் ஜான் டன்னிங்குக்கு எழுதி, 1778இல் அச்சான கடிதத்தில் ஹார்ன் இதைப் பிரித்துக் காட்டினார். இணைப்புச்சொல் என்று எதுவும் கிடையாது, ‘தட்’ எங்கே வந்தாலும் சுட்டுதான் என்றார். அப்படியானால் லாலி வழக்கின் வாக்கியம் உண்மையில் இரண்டு வாக்கியம். குரூக் மீது வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அதை அறிந்து அவள் இன்னது செய்தாள். நேரடிக் கூற்று அங்கே அப்பட்டமாக இருக்கிறது. எனவே கூற்றில்லாமல் தண்டிக்கலாம் என்பதற்கு அந்த வழக்கு முன்னுதாரணமே ஆகாது. தன்னுடைய வழக்கில்தான் அப்படியொரு கூற்று இல்லை. நீதிபதிகளுக்குச் சட்டம் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. ‘உங்களுக்கு உங்கள் மொழியே தெரியவில்லை’ என்றார். 

இந்த வாதத்தின் காரம் முழுவதும் உறைக்க வேண்டுமானால் அன்றைய இலக்கணக் கோட்பாட்டைப் பார்க்க வேண்டும். 1751இல் ஜேம்ஸ் ஹாரிஸ் ‘ஹெர்மிஸ்’ என்றொரு நூல் எழுதியிருந்தார். பெரிய மனிதர், பாராளுமன்ற உறுப்பினர், கிரேக்கத்தில் ஊறியவர். இணைப்புச்சொற்களுக்குத் தமக்கென்று பொருள் கிடையாது, பொருளுள்ள சொற்களை ஒட்டவைக்கிற பசை அவை என்பது அவர் கருத்து. நல்லதம்பி மாதிரி ஒலிக்கிற இந்தக் கருத்துக்குள் ஒரு அதிகாரம் உட்கார்ந்திருப்பதை ஹார்ன் கண்டுகொண்டார். சிறு சொற்களுக்குப் பொருள் இல்லையென்றால், பொருள் தருகிறவன் யார்? கிரேக்கமும் லத்தீனும் படித்த பண்டிதனும், ஆசனத்தில் இருக்கிற நீதிபதியும். கோழி வியாபாரியின் மகன் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஆங்கிலோ-சாக்சன் வேர் தேடிப் போனது வெறும் புலமை ஆசையால் அல்ல. 1786இலும் 1805இலும் இரண்டு பாகங்களாக வந்த ‘பர்லியின் பொழுதுபோக்குகள்’ என்ற அவருடைய பெரிய நூல் இந்த வேலையைத்தான் செய்கிறது. பெயரும் வினையும் மட்டுமே சொல்வகை, மற்றதெல்லாம் அவற்றின் சுருக்கெழுத்து என்பது அதன் சாரம்.

அதில் ஏராளமான அபத்தம் உண்டு, மறைப்பானேன். ‘இஃப்’ என்பது ‘கொடு’ என்ற ஏவல் வினையிலிருந்து வந்தது என்றார்; தப்பு. ‘தட்’ என்பதையே ‘எடு’ என்று பொருள்படும் வினையின் எச்சம் என்றார், அதுவும் தப்பு. சுட்டு அப்படி எந்த வினையிலிருந்தும் பிறக்கவில்லை, கண்டறிய முடிகிற காலம்வரை அது சுட்டாகவே இருந்திருக்கிறது. முதல் பாகம் வெளிவந்த அதே 1786இல்தான் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று பேசினார். அந்த வழியில் போன ஜெர்மானியர்கள் ஒப்பிலக்கணத்தை ஒரு துறையாகவே கட்டினார்கள். இங்கிலாந்தோ டூக்கின் ஊக வேர்களில் சொக்கிப்போய் ஒரு தலைமுறை பின்தங்கியது என்று ஹான்ஸ் ஆர்ஸ்லெஃப் 1967இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டுகிறார். நியாயமான குற்றச்சாட்டு. ஆனாலும் இணைப்பு ‘தட்’டும் சுட்டு ‘தட்’டும் ஒரே சொல் என்ற இடத்தில் டூக்தான் சரி. ஹாஸ்லிட் 1825இல் அவரைப் பற்றி எழுதியபோது பல விஷயங்களில் கையை விரித்தாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை.

மொழி யாருடையது என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் ஏட்டளவில் இருக்கவில்லை. 1793இல் ஷெஃபீல்ட் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு அனுப்பிய மனுவை, அதன் மொழி மரியாதையாக இல்லை என்று காரணம் சொல்லி மக்கள் சபை ஏற்க மறுத்தது. 1794இல் செருப்புத் தைக்கும் தாமஸ் ஹார்டி, டூக், தெல்வால் ஆகியோர்மீது ராஜதுரோக வழக்கு, தண்டனை மரணம். டூக் பிரதம மந்திரி பிட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். மூவரும் விடுதலையானார்கள். (இதே டூக் 1801இல் பாராளுமன்றத்துக்குப் போனது வாக்காளர் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓல்ட் சாரம் தொகுதி வழியாக என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீர்திருத்தக்காரர் அழுகிய தொகுதி வழியாக நுழைந்தார். பாதிரியார்கள் மக்கள் சபையில் உட்காரக் கூடாது என்று உடனே சட்டம் போட்டார்கள். அது 2001வரை உயிரோடு இருந்தது.) 1818இல் வில்லியம் காபெட் ஓர் இலக்கணம் எழுதினார். சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் ஏர் ஓட்டும் பையன்களுக்கும் என்று முகப்பிலேயே போட்டார். மன்னரின் உரையிலிருந்தும் மந்திரிகளின் கடிதங்களிலிருந்தும் பிழைகளைப் பொறுக்கி, பயிற்சிப் பாடமாகக் கொடுத்தார். ‘இட்’ என்ற சுட்டெழுத்தளவு சொல்லைக் கண்டு பயப்படச் சொல்வார் அவர். எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் அந்தச் சொல்லைத் தாளில் வைக்காதே என்று திரும்பத் திரும்ப எச்சரிப்பார். 

சரி, டூக்கின் கத்தி எல்லா வாக்கியத்தையும் வெட்டுமா? வெட்டாது. ‘அறிந்து’ என்பதற்குப் பதில் ‘நம்பி’ என்று போட்டுப் பாருங்கள். குரூக் மீது வழக்கு இருந்தது. அதை நம்பி அவள் இன்னது செய்தாள். முதல் வாக்கியம் பொய்யாக இருக்கலாம்; நம்பினது அவள்தானே தவிர, குற்றப்பத்திரிகை எழுதினவர் அல்ல. ‘தட்’ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உண்மை என்று ஒப்புக்கொள்ள வைப்பது ‘அறி’ என்கிற வினை. 1970இல் பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி இருவரும் ‘ஃபேக்ட்’ என்று தலைப்பிட்ட கட்டுரையில் இந்த வினைகளைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இது துலக்கமானது. டூக் கேட்ட கேள்வி சரி, விடையைச் சொல்லுக்குள் தேடினார், அது பக்கத்து வினைக்குள் இருந்தது.

தமிழில் யோசிக்கிறவருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் ‘தட்’ என்ற ஒன்றை வைத்து ஓட்டுகிற இடத்தில் நமக்கு இரண்டு வழி. ‘அவள் வந்தாள் என்று நினைத்தேன்’ என்கிறோம். ‘என்று’ சொல்லுதலைக் குறிக்கும் ‘என்’ வினையிலிருந்து வந்தது. அது பேச்சை ஒப்படைக்கிறது, பேச்சுக்குப் பொறுப்பேற்பதில்லை. ‘அவள் வந்ததை அறிந்தேன்’ என்றும் சொல்கிறோம். ‘வந்ததை’ என்பதைப் பிரித்தால் வந்த, அதை. வாலில் சுட்டு. நடந்துவிட்ட ஒன்றை விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. ‘வந்ததை நினைத்தேன்’ என்றாலும் அவள் வந்தது நிஜம். நினைப்பு மட்டும்தான் என்னுடையது. சுட்டும் வழி ஒன்று, சொல்லும் வழி ஒன்று என்று தமிழ் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கிறது. ‘என்பதை’ என்று போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதும் உண்டு. அதிகாரிகளின் அறிக்கைகளில் ‘என்பதை’ ஏன் அவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், லாலி வழக்கின் வாக்கியம் இங்கிலாந்தோடு போய்விடவில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, கலைந்து போகும்படி சட்டப்படி உத்தரவிடப்பட்டிருப்பதை அறிந்தும் சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்கிறவரையோ தொடர்ந்து இருக்கிறவரையோ தண்டிக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘நோயிங் தட்’. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் போய் நியாய சன்ஹிதா வந்தது. அந்த வாசகம் 189ஆம் பிரிவுக்குள் இடம் மாறிக்கொண்டது, ‘தட்’ அப்படியே இருக்கிறது. போராட்டக் களத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பிரிவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வழக்கில் பேச்சு எல்லாம் ‘அறிந்தும்’ என்பதைச் சுற்றியே ஓடும். ‘மைக்குல சொன்னது உனக்குக் கேட்டுச்சா இல்லையா?’ கேட்டது என்றாலும் மாட்டினோம், கேட்கவில்லை என்றாலும் ஏதோ சொல்லப்பட்டதாக ஆகிவிடுகிறது. ‘உத்தரவிடப்பட்டிருப்பதை’ என்ற அந்த நீளமான சொல்லின் வாலில் சுட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உத்தரவு போட்டாகிவிட்டது என்று விரல் நீட்டியபடி. டூக் சிறையில் செய்ததை அதன்மேல் செய்து பார்க்கலாம். கலைந்து போகும்படி சட்டப்படி உத்தரவிடப்பட்டது. அதை அவர் அறிந்தார். அப்புறமும் நின்றார். மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்துக்குச் சாட்சி யார், உத்தரவைப் போட்டவர் யார், எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்று தனியாகக் கேட்க முடிகிறது.